சங்கிலிக் கடிதங்களும் நாமும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, சோலூர்

சங்கிலி என்றதும் நம்மில் பலருக்குக் கழுத்தில் அணியும் தங்கச் சங்கிலிதான் நினைவுக்கு வரும். நாங்கள் எழுத வந்தது வேறொரு சங்கிலியைப் பற்றி. அதற்குப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். ஒருவர் கையிலிருந்து பத்துப் பேர் கைக்கும், அந்தப் பத்துப் பேரிடமிருந்து நூறு பேர் கைக்கும் தானாகவே நீண்டுகொண்டு போகும். “இதை உங்களுக்குத் தெரிந்த அனைவருக்கும் அனுப்புங்கள்” என்ற வரியோடு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் வந்து விழுகின்ற செய்திகளைத்தான் சொல்கிறோம். அந்தச் சங்கிலியில் நாங்களும் ஒரு கண்ணியாக இருந்தோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது.

சோலூரிலிருந்து தினமும் பேருந்தில் பள்ளிக்கு வருகின்ற நாங்கள் நால்வர். சென்ற ஆண்டு மே மாதம் எங்களில் ஒருத்தியின் அக்காளுக்கு ஊரில் திருமணம். பிற்பகல் பிடித்த மழை இரவு வரை விடவேயில்லை. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய உறவினர்களின் இரண்டு வேன்கள் மலையேறவில்லை. கடைசிப் பந்தி முடிந்தபோது இரண்டு அண்டாச் சோறும், ஓர் அண்டா அவரைக்குழம்பும், கேசரியும் அப்படியே மிஞ்சிக் கிடந்தன. பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது எங்களுக்கு ஒரு செய்தி பளிச்சென்று நினைவுக்கு வந்தது. விசேஷ வீட்டில் உணவு மிஞ்சினால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் போதும், வண்டியோடு வந்து எடுத்துப்போய்ப் பசித்த குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள் என்று பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்ற செய்தி அது. எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு முன்பு மின்னஞ்சலில் வந்தது. பிறகு குடும்பக் குழுக்களிலும் வந்தது.

பெருமிதத்தோடு அந்த எண்ணைச் சுழற்றினோம். (இப்போது யாரும் சுழற்றுவதில்லை. பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.) மறுமுனையில் ஒரு பெண்மணி எடுத்தார். “ஹலோ” என்ற எங்கள் குரலைக் கேட்டதுமே, “சொல்லும்மா, பயப்படாதே. இப்போது எங்கே இருக்கிறாய்? உன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

எங்களுக்கு நா எழவில்லை. அப்படிக் கேட்கின்ற ஒருவரிடம் அண்டாச் சோற்றைப் பற்றி எப்படிப் பேசுவது? தட்டுத் தடுமாறி ஒருவாறு சொல்லி முடித்தோம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. “இது ஆபத்தில் இருக்கின்ற குழந்தைகளுக்கான எண்ணம்மா. சாப்பாடு எடுக்க நாங்கள் வருவதில்லை. உங்களுக்கு வந்த செய்தி தவறு. உனக்கோ உன் தோழிகளுக்கோ ஏதாவது கஷ்டம் என்றால் எந்த நேரமும் கூப்பிடு. இப்போது லைனை விட்டுவிடட்டுமா? வேறு அழைப்பு காத்திருக்கிறது” என்றார்.

வேறு அழைப்பு! அது யாருடையதோ எங்களுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் இரவெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சோறு வீணாகவில்லை. மணப்பெண்ணின் சித்தப்பா அண்டாக்களை ஜீப்பில் ஏற்றித் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளுக்குக் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் காலி அண்டாக்கள் திரும்பி வந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தாலே அந்த லைன் வீடுகளின் விளக்குகள் தெரியும். அவை எங்கள் நால்வரில் ஒருத்திக்கும் நினைவுக்கு வரவில்லை.

இதைவிட வெட்கமான ஒன்றும் இருக்கிறது. திருமணத்துக்குப் பல வாரங்கள் முன்பே அந்தச் செய்தியை நாங்கள் குடும்பத்தார், தோழியர் குழுக்கள் ஏழுக்கு அனுப்பியிருந்தோம். வெறுமனே அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரும் சந்தேகப்படக் கூடாதென்று, “நாங்கள் விசாரித்துவிட்டோம், இது உண்மைதான்” என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினோம். நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

பள்ளி திறந்ததும் நீதிபோதனை வகுப்பில் சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். தெரியாமல் பொய்யை அனுப்பினால் அது பாவமா என்று கேட்டோம். “செய்தி பொய்யென்று உங்களுக்குத் தெரியாது. சரி. விசாரிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா?” என்று மட்டும் சிஸ்டர் திருப்பிக் கேட்டார். பொய்ச் சாட்சி சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தோம். அறிவுடைமை அதிகாரத்தில் யார் சொல்லக் கேட்டாலும் மெய்ப்பொருள் காண வேண்டுமென்று வள்ளுவர் வகுத்த குறளை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். அதையும் சிஸ்டர் நினைவூட்டினார்.

அன்று முதல் இந்தச் சங்கிலியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண்ணின் கதை. 1996-ஆம் ஆண்டு மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக, ஜெரூ பில்லிமோரியா என்ற பெண்மணியின் முயற்சியால் ‘சைல்டுலைன்’ தோன்றியது. ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் வாழ்ந்த குழந்தைகள் நள்ளிரவிலும் காசில்லாமல் கூப்பிட ஓர் எண் வேண்டும் என்பதே நோக்கம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்தறியாத குழந்தைக்கும் மறக்காது. அந்தச் சேவை பின்னர் நாடு முழுவதும் பரவியது. 2023 முதல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகத்தின் பொறுப்பில் மாநில அரசுகள் வழியாக நடைபெறுகிறது. காணாமற்போன குழந்தை, அடிபடுகின்ற குழந்தை, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, பதினெட்டு வயதாகுமுன் மணமேடை ஏற்றப்படுகின்ற சிறுமி, இவர்களுக்காக இரவும் பகலும் திறந்திருக்கின்ற கதவு அது. மிஞ்சிய உணவை எடுப்பது தங்கள் பணி இல்லை என்று சைல்டுலைன் பலமுறை மறுப்பு வெளியிட்டிருக்கிறது. மறுப்பு ஒரு முறை படிக்கப்பட்டு மறக்கப்படுகிறது. செய்தியோ ஒவ்வொரு திருமணக் காலத்திலும் புதிதாகப் பிறந்து வருகிறது.

அந்தச் செய்தியைப் பிரித்துப் பார்த்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. எண் உண்மை. அமைப்பு உண்மை. பசித்த குழந்தைகள் இருப்பதும் உண்மை. விசேஷங்களில் உணவு வீணாவதும் உண்மை. மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றவர்களும் உண்மையாகவே இருக்கிறார்கள். 2014-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ என்ற அமைப்பு அந்தப் பணியைத்தான் செய்கிறது. இந்த உண்மைகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்றுதான் பொய். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் இதை முதலில் எழுதியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்களுக்கும் நல்லெண்ணம்தான் இருந்தது. பணம் தருகிறோம் என்று ஏமாற்றும் செய்தியைக் கண்டால் நாம் உஷாராகிவிடுகிறோம். தர்மம் செய் என்று ஏமாற்றும் செய்தியிடம் நமக்கு அந்த உஷார் இருப்பதில்லை.

இந்தச் சங்கிலி கணிப்பொறியோடு பிறந்தது என்று நினைத்தோம். பாட்டி சிரித்தார். அவர் புதுமணப் பெண்ணாக இருந்த நாளில் தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தாராம். ஏதோ ஒரு கோயிலில் பாம்பு தோன்றி மனிதக் குரலில் பேசியதென்றும், இதை 21 பேருக்கு எழுதிப் போட்டவருக்குப் புதையல் கிடைத்ததென்றும், கிழித்துப் போட்டவர் குடும்பத்தில் சாவு விழுந்ததென்றும் அதில் இருந்ததாம். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனுக்குச் சுட்ட உருளைக்கிழங்கு கொடுத்து 21 கார்டும் எழுதச் சொன்னாராம். புதையல் வந்ததா என்று கேட்டோம். “கார்டுக் காசு போனதுதான் மிச்சம்” என்றார். எங்கள் சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கும் புனித அந்தோனியார் பெயரைச் சொல்லி ‘சங்கிலி ஜெபம்’ ஒன்று வந்ததாம். பதின்மூன்று பேருக்கு எழுதாவிட்டால் தீங்கு வரும் என்று அதிலும் மிரட்டல். பயந்துபோன அவருடைய தாயார் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். “அந்தோனியார் யாரையும் மிரட்டிக் கடிதம் எழுதுகிறவர் அல்ல” என்று சாமியார் அதை வாங்கி அடுப்பில் போட்டாராம். காசு அனுப்பச் சொல்லும் சங்கிலிகளும் அந்நாளில் பெருகியிருந்தன. சங்கிலி போல் ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை எல்லாம் தடைசெய்து 1978-இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது.

மின்னஞ்சல் வந்த பிறகு கார்டுக் காசும் மிச்சமாயிற்று, கைவலியும் மிச்சமாயிற்று. 1994-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஓர் எச்சரிக்கை பரவியது. ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்பில் வரும் மின்னஞ்சலைத் திறந்தால் கணிப்பொறியில் உள்ளவை எல்லாம் அழிந்துபோகும், உடனே அனைவரையும் எச்சரியுங்கள் என்று சொன்னது அது. அப்படி ஒரு நச்சுநிரல் இருக்கவே இல்லை. எச்சரிக்கைக் கடிதமே நோயாகப் பரவி எல்லோருடைய அஞ்சல் பெட்டிகளையும் நிரப்பியது. 1997-இல் வேறொரு மின்னஞ்சல் வந்தது. இது 1000 பேரைச் சென்றடைந்தால் பட்டியலில் உள்ள அனைவருக்கும் பில் கேட்ஸ் ஆளுக்கு 1000 டாலர் கொடுப்பார் என்று அதில் இருந்தது. படித்தவர்களும் பட்டதாரிகளும் அனுப்பினார்கள். பாட்டியின் 21 கார்டுகளைப் பற்றி இனி யாரும் சிரிக்க வேண்டாம்!

நாங்கள் படித்தவற்றில் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது கிரெய்க் ஷெர்கோல்டு என்ற சிறுவனின் கதை. இங்கிலாந்தைச் சேர்ந்தவன். மூளையில் கட்டி. 1989-இல் அவன் உற்சாகமடைய வேண்டுமென்று, வாழ்த்து அட்டைகள் அனுப்பக் கோரி வேண்டுகோள் விடுத்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்பது ஆசை. 1990-க்குள்ளேயே ஒரு கோடியே அறுபது லட்சம் அட்டைகள் வந்து சாதனை நிறைவேறியது. 1991-இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நடந்து அவன் பிழைத்தும் விட்டான். இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போதும், நிறுத்துங்கள் என்று அவன் குடும்பத்தார் கெஞ்சிய பிறகும் கடிதமும் தொலைநகலும் மின்னஞ்சலுமாக அந்த வேண்டுகோள் உலகைச் சுற்றிக்கொண்டே இருந்தது. வழியில் அவன் பெயரின் எழுத்துகள் மாறின. முகவரி மாறியது. தாங்கள் விடுக்காத வேண்டுகோளுக்கு அமெரிக்காவின் ‘மேக் எ விஷ்’ என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகள் பதில் சொல்ல நேர்ந்தது. அவன் வளர்ந்து பெரியவனான பின்னும் சாகக் கிடக்கும் சிறுவனுக்கென்று அட்டைகள் வந்துகொண்டிருந்தன. நாற்பது வயதில், 2020-ஆம் ஆண்டு கொரோனாவில் அவர் இறந்தார்.

இந்தச் செய்தி பிறந்தபோது பொய்யில்லை. முழு உண்மை. நாள் குறிக்கப்படாமல் பயணம் போனதால் பொய்யாயிற்று. அதன் பிறகு எங்களுக்கு வருகின்ற செய்திகளை எடுத்துப் பார்த்தோம். “நேற்று”, “இன்று மாலை”, “அவசரம்” என்று இருக்கிறதே தவிர, தேதி ஒன்றிலும் இல்லை. ரத்தம் வேண்டும் என்ற செய்தியில்கூட இல்லை. அந்த நோயாளி குணமாகி வீடு திரும்பினாரோ, மறைந்தேவிட்டாரோ, யார் கண்டது!

கணக்கு வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தியபோது எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் இந்த நினைவு வந்தது. ஒருத்தி 5 பேருக்கு அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஐவருக்கு அனுப்பினால் இரண்டாம் சுற்றில் 25. அடுத்து 125, பிறகு 625, பிறகு 3,125. எட்டாம் சுற்றில் 3,90,625. பதின்மூன்றாம் சுற்றில் 122 கோடியைத் தாண்டிவிடுகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு சுற்று என்றாலும் இரண்டு வாரம் ஆகவில்லை! உண்மையில் அப்படி நடக்காது. பலர் அனுப்ப மாட்டார்கள், பலருக்கு ஒரே செய்தி இருமுறை வரும். ஆனாலும் முதல் சுற்றில் ஒருத்தி கையை மடக்கிக்கொண்டால் எத்தனை கிளைகள் முளைக்காமற் போகின்றன என்பது கரும்பலகையிலேயே தெரிந்தது. எங்கள் ஏழு குழுக்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

வீண் அழைப்போடும் வீண் அட்டையோடும் போனால் சரி. உயிரே போயிருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டில். 2018-ஆம் ஆண்டு, குழந்தை கடத்துகின்ற கும்பல் வடக்கேயிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அந்த மே மாதம் 9-ஆம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகதியில் வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தியது. காரிலிருந்த 65 வயது மூதாட்டி அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். நம் பாட்டிமார் யாராக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்கள்? கடத்தல்காரர்கள் என்று கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்ததில் அந்த அம்மையார் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்களும் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள்தான். தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே அவர்கள் நம்பினார்கள்.

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய படங்களுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் படம் பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். இறுதியில் அந்த இருவர் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதியை நாடே பார்த்து நடுங்கியது. குழந்தைகளைக் காக்க எடுத்த படம் அது, எங்கள் 1098 போலவே. இதைப் படித்த நாள் மாலை பேருந்தில் நாங்கள் நால்வரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அதே 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு உலகம் முழுவதற்கும் அதை விரித்தது. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. பல கை மாறி வந்த செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம். இரட்டை அம்பைக் கண்டால், இதை எழுதியவர் நமக்கு அனுப்பியவர் அல்லர் என்று தெரிந்துகொள்ளலாம். மாமா அனுப்பினார் என்பதற்காக நம்புகிறோம். மாமாவுக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

2023 மார்ச்சிலும் ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியாவில் பரவின. அவற்றில் இருந்தவை வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்கள் என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வடநாட்டுக் குடும்பங்கள் பல வேலை செய்கின்றன. அன்று அண்டாச் சோறு போன லைன் வீடுகளிலும் சிலர் இருக்கிறார்கள். ஜார்கண்டிலிருந்து வந்த ஓர் அக்காள், அந்த மார்ச்சில் தன் அம்மா தினமும் தொலைபேசியில் அழுதார் என்று எங்களிடம் சொன்னார். 2018-இல் நாம் ‘வடக்கத்தியர்’ என்று பயந்தோம். 2023-இல் அவர்கள் நம்மைக் கண்டு பயந்தார்கள்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறோம். சனிக்கிழமைகளில் கணிப்பொறி அறையில் அரை மணி நேரம் தேட சிஸ்டர் அனுமதி கொடுத்தார். முதலில் எடுத்துக்கொண்டது, ஆகஸ்டு 15 வந்தால் தவறாமல் வருகின்ற ஒரு செய்தி. நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாம், இந்தியராய்ப் பிறந்தவர்கள் அனைவருக்கும் அனுப்ப வேண்டுமாம். இது பொய்யாக இருக்கக் கூடாதென்று நாங்கள் மனதார வேண்டிக்கொண்டுதான் தேடினோம். யுனெஸ்கோ உண்மையில் ஒன்றுக்குச் சிறப்பளித்தால் அதற்குத் தடயம் இருக்குமா என்று பார்க்க வேண்டுமல்லவா? நம் கையருகே ஒரு சான்று இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வரும் நமது மலை ரயில். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இருக்கிறது. டார்ஜிலிங் ரயில் 1999-இல் இடம்பெற்றதும், 2005-இல் நம் ரயில் அதனோடு சேர்க்கப்பட்டதும், 2008-இல் சிம்லா ரயில் சேர்ந்ததும் ஆண்டு வாரியாக யுனெஸ்கோவின் சொந்தப் பக்கத்திலேயே கிடைத்தன. தேசிய கீதங்களுக்கு அங்கே பட்டியலே இல்லை. அப்படி எதையும் தாங்கள் அறிவிக்கவில்லை என்று 2008-லேயே யுனெஸ்கோ மறுத்துவிட்டது என்பதும் தெரிந்தது. கீதத்தின் மதிப்பு இதனால் எங்களுக்குக் குறையவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். எந்த அமைப்பின் பெயர் செய்தியில் இருக்கிறதோ, அந்த அமைப்பு அதைத் தானே எங்கேயாவது சொல்லியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்போம். படமாக இருந்தால், அந்தப் படத்தையே கூகுளில் கொடுத்துத் தேடினால் முன்பு எப்போது, எங்கே வெளிவந்ததென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழிலேயே இப்படிப்பட்ட செய்திகளை ஆராய்ந்து எழுதுகின்ற ‘யூடர்ன்’ என்ற இணையதளம் இருக்கிறது. தமிழக அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது. இவை எதுவும் கைக்கெட்டாத நேரத்தில், அனுப்பியவரிடமே “உங்களுக்கு இது நேரில் தெரியுமா?” என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு “தெரியும்” என்று இதுவரை எங்களுக்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

தேடுவது எளிது. வீட்டில் சொல்வதுதான் கடினம். குடும்பக் குழுவில் தாத்தா ஒருவர் காலையிலேயே ஒரு மருத்துவக் குறிப்பு போடுகிறார். பதினைந்து வயதுப் பெண் எல்லோர் முன்னிலையிலும் “தாத்தா, இது பொய்” என்று எழுதினால் என்ன ஆகும்? எங்களில் ஒருத்தி எழுதிவிட்டாள். பொங்கல் வரை தாத்தா அவளோடு பேசவில்லை. இப்போது நாங்கள் தனியாக எழுதுகிறோம். “தாத்தா, நீங்கள் அனுப்பியதைப் படித்தோம். நீங்கள் சொன்னதால் மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு விசாரித்தோம். மருத்துவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்” என்று எழுதினால் கோபம் வருவதில்லை. ஒரு தாத்தா தாமாகவே குழுவில் அதை நீக்கிவிட்டு, “என் பேத்தி விசாரித்தாள்” என்று பெருமையாக எழுதினார். பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் மார்கழி விடியலில் தேயிலைச் செடிகளின் மேல் வெள்ளை வெளேரென்று ஆவி எழும். பார்த்தால் தோட்டமே புகைவது போலிருக்கும். அது உறைபனி உருகுவதுதான்.

எங்கள் ஏழு குழுக்களுக்கும் வருவோம். திருமணத்துக்கு மறுநாளே, “நாங்கள் அனுப்பியது தவறு. விசாரித்தோம் என்று எழுதியதும் உண்மையில்லை. 1098 குழந்தைகளுக்கான எண். தயவுசெய்து அழித்துவிடுங்கள்” என்று எழுதினோம். எழுதுவதற்குள் கை நடுங்கியது. மூன்று பேர் பதில் போட்டார்கள். முதல் செய்திக்கு முப்பத்தாறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சென்ற ஜனவரியில், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஓசூரிலிருக்கும் மாமா ஒருவரிடமிருந்து எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது. அம்மா எங்களிடம் காட்டினார். விசேஷ வீட்டில் உணவு மிஞ்சினால் 1098. மேலே இரட்டை அம்பு. கடைசி வரியாக, “நாங்கள் விசாரித்துவிட்டோம், இது உண்மைதான்.” நாங்கள் போட்ட காற்புள்ளிகூட அப்படியே இருந்தது. எங்களிடமிருந்து நேராக மாமாவுக்குப் போகவில்லை. எட்டு மாதமாக எங்கெங்கோ சுற்றி, யார் யார் கையையோ கடந்து வந்திருக்கிறது.

அம்மாவின் கைபேசியை வாங்கி மாமாவுக்கு எல்லாவற்றையும் எழுதினோம். அந்த வரியை எழுதியது நாங்கள்தான் என்பதையும் மறைக்கவில்லை. உங்களுக்கு இதை அனுப்பியவருக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். மாலையில் பதில் வந்தது. “அவர் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று நினைவில்லையாம். நீங்கள் நன்றாகப் படியுங்கள்” என்று எழுதியிருந்தார்.